ஜன்னலோரம் ஒரு மெத்தை: பிறந்த பிள்ளை போட்டோ, வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிறந்த குழந்தையை வீட்டிலேயே போட்டோ எடுப்பது பற்றித்தான். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போட்டோகிராபர், "14 நாளைக்குள் எடுத்தால்தான் நன்றாக வரும்" என்கிறார். சம்பந்தியம்மாவோ தீட்டுக் கழித்துப் பேர் வைக்கும்வரை போட்டோவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
வாசகி, திண்டுக்கல்

போட்டோகிராபர் சொல்வதில் காரணம் இருக்கிறது; "எடுத்தால்தான்" என்பதுதான் மிகை. முதல் இரண்டு வாரம் பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். வயிற்றுக்குள் இருந்த மாதிரியே காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். துணி மாற்றினாலும் லேசில் முழிக்காது. மூன்றாவது வாரத்துக்கு மேல் காலை நீட்டி உதைக்கும், சாயங்காலமானால் வீறிடும், கன்னத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பும். சுருண்டு தூங்கும் படம் வேண்டுமென்றால் 5-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் நடுவில் எடுப்பது இதனால்தான். 5 நாளுக்கு முன்னால் வேண்டாம். தாய்ப்பால் ஊறி, பிள்ளை சரியாகப் பிடித்துக் குடிக்கப் பழகுகிற நாட்கள் அவை. பச்சை உடம்புக்காரியும் அப்போது நிமிர்ந்து உட்காரவே சிரமப்படுவாள்.

உங்கள் வீட்டில் 11-ஆம் நாள் புண்ணியாகவாசனம் என்றால் சண்டையே இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் என்றால் சம்பந்தியம்மா சொல்கிறபடியே பொறுங்கள், எடுக்கும் படத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு மாதப் பிள்ளையைச் சுருட்டித் தூங்கவைக்கப் போராடாமல், முழித்திருக்கும்போது கண்ணைப் பார்த்து எடுக்கலாம். 6 முதல் 8 வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். அதற்கு முன் தூக்கத்தில் வரும் சிரிப்பு தானாக வந்து போவது. அதற்காகக் கேமராவோடு காத்திருந்தால் பொழுதுதான் போகும்.

பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களின் பயம் போட்டோவின்மேல் இல்லை, நாலு பேர் கண்ணில் படுவதன்மேல்தான். வெளியாள் வராமல், ஸ்டேட்டஸில் போடாமல், பிள்ளையின் அப்பாவே போனில் கை, கால், உச்சிச்சுழி என்று எடுத்து வைத்துக்கொள்வதற்கு அநேகமாகச் சம்மதம் கிடைத்துவிடும். கேட்டுப் பாருங்கள்.

ஒரு படுக்கையறை கொண்ட பிளாட். சுவரெல்லாம் கிளிப்பச்சை. எல்லா டியூப்லைட்டையும் போட்டு எடுத்தும் பிள்ளை முகம் சோகை பிடித்த மாதிரி வருகிறது. லைட் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?
வாசகர், பெரம்பூர்

வேண்டாம். முதலில் எல்லா டியூப்லைட்டையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம், ஹாலில் எரியும் மஞ்சள் பல்பு இன்னொரு நிறம். மூன்றும் ஒரே கன்னத்தில் விழுந்தால் எந்தக் கேமராவும் குழம்பும். அத்துடன் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் குறுக்குப் பட்டை விழுவது அதனால்தான்.

பச்சைச் சுவர்தான் உங்களுடைய பெரிய எதிரி. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது சுவரின் நிறத்தையும் எடுத்து வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். பிள்ளைக்கு ஜன்னலில்லாத பக்கமாக, இரண்டடி தள்ளி, வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்துங்கள். பாதி நோய் தீர்ந்துவிடும்.

இனி ஜன்னல். வடக்குப் பார்த்தது என்றால் பெரும்பாலும் பகல் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். கிழக்கு என்றால் வெயில் உள்ளே விழுவது நின்ற பிறகு, பத்தரை மணிக்கு மேல். மேற்கு என்றால் நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னலில் வெயில் நேராக உள்ளே வரும். கம்பி நிழல் பிள்ளை முகத்தில் வரிவரியாக விழும். மல் வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டிவிட்டால் வெயில் பால் மாதிரி பரவிவிடும். கொசுவலை அடித்த கதவிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் திறந்து வையுங்கள். வலை நிறைய வெளிச்சத்தை விழுங்கும்.

கட்டிலை விட்டுவிட்டு, தரையில் மெத்தை போடுங்கள். ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி. பிள்ளையின் தலை ஜன்னல் பக்கம், கால் அறைக்குள், உடம்பு சற்றுக் கோணலாக. எல்லாரும் தப்பு செய்யும் இடம் இது. காலை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டால் வெளிச்சம் தாடைக்கு அடியிலிருந்து மேலே ஏறும். மூக்குத் துவாரம் பளிச்சென்று தெரியும், கண் குழிந்துபோகும். டார்ச்சை முகவாய்க்கட்டையில் வைத்துப் பிள்ளைகள் பேய் காட்டுவார்களே, அதேதான்.

பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். முதல் நாளே சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை பிடித்து, நடுவில் மூக்கு மாதிரி கிள்ளி, மெத்தையில் வைத்துப் பாருங்கள். மூக்கின் நிழல் உதட்டுப் பக்கமாகச் சரிந்து, ஓரம் மங்கலாக இருந்தால் இடம் சரி. நிழல் நெற்றிக்கு ஏறினால் உருண்டையைத் திருப்புங்கள். நிழலின் ஓரம் கத்தி வைத்த மாதிரி இருந்தால் வேட்டியை மடித்து இரட்டையாக்குங்கள். எந்த மணிக்கு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் மறுநாள் வேலை சுலபம்.

போட்டோ எடுக்கிற நாளில் காலையிலிருந்து என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, பவுடர் பூசி, மை வைத்து ரெடி செய்துவிடலாமா?
வாசகி, மதுரை

நீங்கள் சொன்ன ஐந்தில் குளியல் ஒன்றுதான் தேறும். எண்ணெய் முந்தின நாளோடு நிற்கட்டும். எண்ணெய்த் தோல் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகப் பளபளக்கும். அதைவிட முக்கியம், கையிலிருந்து வழுக்கும். பவுடர் மடிப்புகளில் திட்டுத் திட்டாகத் தெரியும், தூள் மூச்சில் போகும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்குள் மை வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். திருஷ்டிப் பொட்டு இல்லாமல் பாட்டிக்கு மனசு ஆறாது என்றால் உள்ளங்காலில் வையுங்கள். கன்னத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் துணியெல்லாம் மை.

தொப்புள்கொடி இன்னும் விழவில்லை என்றால் குளியலும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். கொடி பொதுவாக ஒன்று, இரண்டு வாரத்துக்குள் தானாக விழும். அதுவரை அதன்மேல் துணியை இறுக்கிச் சுற்றக் கூடாது. படத்தில் தெரிகிறதே என்று பிய்த்துவிடவும் கூடாது.

11 மணிக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 9 மணிக்குத் துடைத்து அல்லது குளிப்பாட்டி, நகத்தைப் பாருங்கள். கூராக இருந்தால் தூக்கத்தில் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்துவிடலாம். 10 மணிக்கு டயபரை எடுத்துவிட்டு, லங்கோட்டை தளர்வாகக் கட்டுங்கள், சாக்ஸைக் கழற்றுங்கள். எலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு மறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இதை மறந்தவர்கள் பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டிருப்பார்கள். பத்தேகாலுக்கு வயிறு நிறையப் பால். ஒரு பக்கம் குடித்துத் தூங்கினால் அதோடு விடாமல், எழுப்பி மறுபக்கமும் கொடுத்துப் பாருங்கள். பிறகு 20 நிமிடம் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். இந்த 20 நிமிடத்தை மிச்சம் பிடித்தால், படுக்கவைத்ததும் கக்கிவிடும். துணியும் போச்சு, தூக்கமும் போச்சு.

நன்றாகத் தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கையைத் தூக்கிப் பாருங்கள். துவண்டு விழுந்தால் தூங்கிவிட்டது. விரல் இறுகி மூடியிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். படுக்கவைக்கும்போது முதலில் கால், பிறகு பிட்டம், கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் கீழே விழுவதுபோல் திடுக்கிட்டுக் கையை விரிக்கும். படுக்கவைத்த பிறகும் உங்கள் உள்ளங்கை அதன் மார்பில் ஒரு நிமிடம் இருக்கட்டும்.

வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை: குக்கர் போடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, காலிங் பெல்லை நிறுத்தி வைக்க வேண்டும். உஸ்ஸென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தத்தைப் போனில் போட்டு, இரண்டு மீட்டர் தள்ளி, மெதுவாக ஓடவிட்டால் சின்னச் சத்தங்கள் அதில் அடங்கிவிடும். காதருகில் வைக்காதீர்கள்.

படத்துக்காகப் பாலைத் தள்ளிப்போடக் கூடாது. நடுவில் பசித்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பால் கொடுங்கள். தூங்கட்டும் என்று கிரைப் வாட்டர், தேன், உரைமருந்து எதையும் நாக்கில் தடவ வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதில் படம் எடுப்பது அரை மணிதான் இருக்கும்.

"ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டர் வேண்டும்" என்று போட்டோகிராபர் கேட்கிறார். மே மாத வெயிலில் ஹீட்டரா?
வாசகர், திருச்சி

அவர் குளிர்நாட்டு வீடியோவில் கற்றுக்கொண்டிருப்பார். உடை இல்லாத பிள்ளைக்கு அறை 26 முதல் 28 டிகிரி வரை இருந்தால் போதும். திருச்சியில் மே மாதம் சும்மாவே அதைத் தாண்டிவிடும். உங்களுடைய கவலை குளிர் அல்ல, புழுக்கம். ஏசியை 27-ல் வைத்து அறையைப் பழக்கி, துணியைக் கழற்றுவதற்குப் பத்து நிமிடம் முன் காற்று நேராகப் படாதபடி திருப்பிவிடுங்கள். பேன் என்றால் குறைந்த வேகத்தில், பிள்ளைக்கு நேர் மேலே இல்லாமல்.

கையும் காலும் சில்லென்று இருப்பது பிறந்த பிள்ளைக்குச் சகஜம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலும் மார்பிலும் தொட்டுப் பாருங்கள். பிடரி ஈரமாக, முகம் சிவந்து, மூச்சு வேகமாக இருந்தால் சூடு அதிகம். மார்பு சில்லென்றிருந்தால் உடனே போர்த்தி அம்மா நெஞ்சோடு அணைக்க வேண்டும். டிசம்பரில் ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் வைப்பதானால் அறையைச் சூடாக்கத்தான், பிள்ளைமேல் ஊதவிட அல்ல. வெந்நீர்ப் பையைத் துணிக்கடியில் வைக்கவே வேண்டாம். நம் கைக்கு இதமான சூடு அந்தத் தோலைக் கொப்புளிக்கச் செய்துவிடும்.

இரண்டு கையையும் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு தூங்குவது, கிளையில் துணிமூட்டையாகத் தொங்குவது... இதெல்லாம் வீட்டில் எடுக்க முடியுமா? முறத்தில், உருளியில் படுக்கவைத்து எடுக்கவும் ஆசை.
வாசகி, கோவை

முதல் இரண்டும் ஒரே தடவையில் எடுத்த படங்கள் அல்ல. கையில் முகத்தைத் தாங்கிய படத்தில், முதல் தடவை ஒருவர் பிள்ளையின் தலையைப் பிடித்திருப்பார், இரண்டாம் தடவை மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். மூட்டை மெத்தைமேல்தான் கிடக்கும். கிளை தனிப் படம். தலை நிற்காத பிள்ளை தன் தலையைத் தானே தாங்காது. "ஒட்டெல்லாம் வேண்டாம் மேடம், அப்படியே எடுத்துவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீட்டில் மூன்று கிடைகள் போதும். மல்லாக்க, துணியில் சுற்றி. ஒருக்களித்து, முழங்கால் மடங்கி. அம்மா அல்லது அப்பாவின் வெற்று மார்பில். எந்தக் கிடையிலும் தாடை மார்போடு ஒட்டக் கூடாது. ஒட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே உங்கள் விரல் ஒன்று போகிறதா என்று பாருங்கள். மடங்கிய கால் ஊதா நிறமானால் தளர்த்துங்கள். ஒருக்களித்துக் கிடத்துவது ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்; படம் முடிந்து தூங்கவைப்பது மல்லாக்கத்தான்.

சுற்றுவதற்கு நீளும் துணி நல்லது. பழைய பனியன் துணியில் ஒன்றரை மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் வெட்டினால் கடையில் விற்பதற்கு ஈடாக இருக்கும். தோள்பக்கம் இறுகலாம், ஆனால் மார்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று விடுங்கள், காலை நேராக இழுத்துக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. குஞ்சம், பின்னல் உள்ள துணி என்றால் அவிழ்த்ததும் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒற்றை நூலோ அம்மாவின் உதிர்ந்த முடியோ விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் அழுகிற பிள்ளைக்கு இதையும் பார்க்க வேண்டும்.

முறம் அழகான யோசனை, நம் வழக்கத்திலும் உள்ளது. புது முறம் வேண்டாம், சிம்பு குத்தும். புழங்கிய முறத்தைத் துடைத்து, விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். முறம் மெத்தைமேலேயே இருக்கட்டும், மேஜையில் அல்ல. நெல் பரப்ப ஆசை என்றால் துணிக்கு வெளியே, முறத்தின் வாய்ப்பக்கம். கூடை என்றால் அடியில் இரண்டு கிலோ அரிசிப் பையைப் படுக்கவைத்து அதன்மேல் துணி; இல்லாவிட்டால் பிள்ளை உதைத்ததும் சாயும். உருளியை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். உலோகம் சில்லிடும், பக்கம் சரிவாக இருப்பதால் பிள்ளை நடுவில் குவிந்து தாடை மார்பில் இடிக்கும். தூளிக்கும் அதே குறைதான். தூளிப் படம் வேண்டுமென்றால் முழித்திருக்கும்போது, ஒருவர் கை உள்ளே இருக்க, இரண்டு நிமிடத்தில் எடுத்து முடியுங்கள். மல்லிகைச் சரம் வைத்தால் எறும்பு இருக்கிறதா என்று உதறிவிட்டு வையுங்கள், முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பாட்டியின் கல்யாணப் பட்டைப் பின்னால் விரிக்கலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த புடவையா? அப்படியென்றால் பிள்ளைக்கு அருகில் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலை கொண்டுவரும். குறைபாடு உள்ளதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. அம்மா கட்டிக்கொள்ளவும் அது வேண்டாம். உருண்டை படாத பட்டு என்றால் சரிகை உடம்பில் உரசாமல் ஒரு முழம் தள்ளி விரிக்கலாம்.

பிறந்து 6 நாள். படத்தில் மஞ்சளாகத் தெரிகிறான், தோல் உரிகிறது. கொஞ்சம் கலர் ஏற்றிக் கொடுக்கச் சொல்லலாமா?
வாசகி, சேலம்

முதலில் மஞ்சளைப் பற்றி. இரண்டாம், மூன்றாம் நாளில் லேசாக மஞ்சள் தெரிந்து இரண்டு வாரத்தில் வடிவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளதுதான். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, மலம் வெளுத்துப் போனாலோ, பால் குடிக்கக்கூட முழிக்காமல் தூங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. போட்டோவுக்கு வந்தவர் "எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறான்" என்பார். மூன்று மணி நேரம் தாண்டியும் பாலுக்கு எழாத ஆறு நாள் பிள்ளை சமர்த்தல்ல. மஞ்சள் தெளியட்டும் என்று வெயிலில் காட்டுவதும் வைத்தியமாகாது.

டாக்டர் சரி என்றுவிட்டால், மஞ்சள், பச்சைத் துணிகளை ஒதுக்கிவிட்டு சந்தன வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் விரியுங்கள். முதல் படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம். அதற்கு மேலும் தெரிந்தால் கறுப்பு வெள்ளையாக்குங்கள். தோல் உரிவது அழுக்கல்ல, தேய்க்கவும் வேண்டாம். உரிந்த உள்ளங்காலைக் கிட்டத்தில் எடுத்த படம் பத்து வருடம் கழித்து எல்லாரும் தேடிப் பார்க்கிற படம்.

கலர் ஏற்றுவது பற்றி: வேண்டாம். பிறந்த பிள்ளையின் நிறம் வாரத்துக்கு வாரம் மாறும். காது மடலைப் பார்த்துக் கலரைச் சொல்லும் அத்தைகளுக்குப் படத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. போனில் பியூட்டி மோடை அணைத்து வையுங்கள். அது கேட்காமலேயே வெளுப்பாக்கி, கன்னத்து முடியையும் மூக்கு நுனியின் வெள்ளைப் பொட்டுகளையும் மெழுகிவிடும்.

கேமரா இல்லை, போன் மட்டும்தான். என்ன செட்டிங்?
வாசகர், நாகர்கோவில்

லென்ஸை முதலில் பனியன் துணியில் துடையுங்கள். பால் கை, எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்தான் பாதிப் படங்களை மங்கலாக்குகிறது. 0.5 எக்ஸ் வேண்டாம், மூக்கு பெரிதாகும். 2 எக்ஸ் வைத்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். போர்ட்ரெய்ட் மோடு காது மடலையும் விரல் நுனியையும் துணியோடு சேர்த்து மங்கலாக்கும். சாதாரண மோடில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கண்ணிமையின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். வெள்ளைத் துணியில் கிடக்கும் பிள்ளையைப் போன் இருட்டாக்கிவிடும். சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கறுப்புத் துணி என்றால் கீழே. ஃபிளைட் மோடும் முக்கியம், பிள்ளை முகத்துக்கு மேல் பிடித்திருக்கும்போது போன் அலறக் கூடாது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8 முதல் 4, ஷட்டர் 1/160-க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ 800 முதல் 1600. எஃப் 1.8-ல் இமை தெளிவாக வரும், மூக்கு மங்கிப்போய்விடும். மேலிருந்து எடுக்கும்போது வாரைக் கழுத்தில் மாட்டுங்கள், லென்ஸ் மூடியைச் சட்டைப் பையில் போடாமல் தூர வையுங்கள். ஸ்டூலில் ஏற வேண்டாம். தரை மெத்தைக்கு நின்று எடுத்தாலே உயரம் போதும்.

பிளாஷ் அடித்தால் கண் கெடுமா?
வாசகி, வேலூர்

சாதாரண பிளாஷால் பார்வை கெட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் திடுக்கிட்டு முழிக்கும், வெளிச்சமும் தட்டையாக இருக்கும். ஜன்னல் இருக்கும்போது எதற்கு?

மூத்தவளுக்கு மூன்று வயது. தம்பியை மடியில் வைத்து ஒரு படம் வேண்டும். பயமாக இருக்கிறது.
வாசகி, விழுப்புரம்

மடி வேண்டாம், தரை. மூத்தவளை மெத்தையில் படுக்கவைத்து, அவள் கைக்குள் பிள்ளையைத் துணிசுற்றி ஒருக்களித்து வையுங்கள், தலையோடு தலை. மறுபக்கத்தில் அப்பா படச்சட்டத்துக்கு வெளியே கையை நீட்டித் தயாராக இருக்கட்டும். மூன்று வயதுக் குழந்தை எழ நினைத்தால் சொல்லிவிட்டு எழாது, கையை உருவிவிடும். இந்தப் படத்தை முதலில் எடுங்கள், ஐந்து நிமிடத்துக்குள். "சிரி" என்று சொன்னால் பல்லைக் காட்டுவாள். "தம்பிக்கு எத்தனை விரல், எண்ணிப் பார்" என்றால் முகம் தானாக வரும். அவளுக்குச் சளி, இருமல் இருந்தால் இன்னொரு நாள். எடுத்து முடித்ததும் அவளைத் தனியாகவும் நாலு படம் எடுங்கள், இல்லையென்றால் அன்று வீட்டில் நிம்மதி இருக்காது.

34 வாரத்தில் பிறந்தது. இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறோம். எப்போது எடுக்கலாம்?
வாசகர், தஞ்சாவூர்

நாள் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியை ஒட்டி வைத்துக்கொண்டு, எடை ஏறுவதைப் பார்த்து அவரிடமே கேளுங்கள். அதுவரைக்கும் ஒரு படம் எடுக்கலாம், அதைவிட நல்ல படமும் கிடையாது: ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, கங்காரு முறை, அம்மாவின் வெறும் மார்பில் பிள்ளை, மேலே போர்வை. ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். வெளியாள் வேண்டாம், துணி மாற்றுதல் வேண்டாம், சுற்றுதல் வேண்டாம்.

போட்டோகிராபரை வீட்டுக்கு வரவழைக்கிறோம். என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
வாசகி, ஈரோடு

வந்ததும் சோப்புப் போட்டு கை கழுவுவாரா, மோதிரம், வாட்சைக் கழற்றுவாரா, கொண்டுவரும் துணிகளை ஒவ்வொரு வீட்டுக்கும் துவைக்கிறாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆள் பாருங்கள். தனக்கோ உதவியாளுக்கோ சளி, காய்ச்சல், உதட்டில் கொப்புளம் இருந்தால் தேதியை மாற்றப் பணம் பிடிக்கமாட்டேன் என்று எழுதித் தரட்டும். உதட்டுக் கொப்புளம் நமக்குச் சின்ன விஷயம். பிறந்த பிள்ளைக்கு அந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து. எந்த உறவினரும் முகத்தில் முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். பிள்ளையைத் தூக்குவது, சுற்றுவது எல்லாம் உங்கள் வீட்டு ஆள் செய்யட்டும், அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

படங்களைத் தன் பக்கத்தில் போடலாமா கூடாதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கைப்பட்டையைக் கிட்டத்தில் எடுப்பது நல்ல படம்தான். ஆனால் அதில் அம்மா பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். ஆல்பத்தோடு நிற்கட்டும், ஸ்டேட்டஸுக்குப் போக வேண்டாம்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருக்கி அனுப்பும். டாக்குமெண்டாகவோ பென் டிரைவிலோ வாங்குங்கள். சுவரில் மாட்ட 12-க்கு 18 அங்குலம் போடுவதானால் 3600-க்கு 5400 பிக்சல் இருந்தால்தான் கிட்டத்தில் பார்க்கும்போது உடையாது. ஏ4 அளவுக்கு 2480-க்கு 3508. பென் டிரைவ் கைக்கு வந்த அன்றே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, பாட்டி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.